காக்ஸ் டவுன் வீடும் ஆறு வருட வரி ரசீதுகளும்

2019ஆம் ஆண்டு பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு வாங்க முடிவு செய்தபோது, இவ்வளவு விலை கொடுத்து வாங்கினால் வீட்டுவரியும் அதற்கேற்ப ஏறிவிடுமே என்று என் மனைவி கவலைப்பட்டார். அப்படி ஏறுவதில்லை. 2008 முதல் இங்கே இருந்துவரும், உரிமையாளரே வரியைக் கணக்கிட்டுக் கட்டும் சுயமதிப்பீட்டு முறையில், வீடு ஏ முதல் எஃப் வரை எந்த மண்டலத்தில் இருக்கிறது, கட்டடத்தின் பரப்பும் வயதும் என்ன, அதில் உரிமையாளரே குடியிருக்கிறாரா அல்லது வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பவைதான் வரியைத் தீர்மானிக்கின்றன. கிரயப் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இவற்றில் நாம் பெரிதாக எண்ணாத, யார் குடியிருக்கிறார் என்ற விவரம்தான் வரியை அதிகமாக மாற்றுகிறது. ஒரு பேச்சுக்கு, 1,000 சதுர அடி வீட்டுக்கு மாத விகிதம் சதுர அடிக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்துக்குக் கணக்கிட்டால் 20,000 ரூபாய். தேய்மானக் கழிவை இப்போதைக்கு விட்டுவிட்டால், அதில் 20 சதவீதமான 4,000 ரூபாய் வரி. அதன்மேல் 2019இல் இருந்தபடி சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3 என வரியின் மீது மொத்தம் 24 சதவீத செஸ் எனும் கூடுதல் தீர்வை சேர்ந்து 4,960 ரூபாய் ஆகும். அதே வீட்டில் வாடகைதாரர் இருந்தால் விகிதம் இரட்டிப்பாகி, தொகை 9,920 ரூபாயாகிவிடும்.

நாங்கள் வீடு பார்க்கச் சென்ற அன்று கதவைத் திறந்த, அங்கே வாடகைக்குக் குடியிருந்த பெண்மணி, "ஆறு வருஷமா இங்கதாண்ணா இருக்கோம்" என்றார். விற்பவர் கொடுத்த ஆறு ஆண்டு ரசீதுகளிலும் உரிமையாளரே குடியிருப்பதாகக் குறித்திருந்தது. தரகரோ, வரிதான் பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறதே என்று சொல்லி அந்தப் பேச்சை முடிக்கப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் கையெழுத்திட்டிருந்தால் பெரிய இழப்பாகியிருக்கும். குறைத்துக் காட்டிய வரியும் அதற்கான வட்டியும் அபராதமும் அந்தச் சொத்தின் மீதே நிற்கும் என்பதால், உரிமை மாறிய பிறகு நோட்டீஸ் வந்து சேர்வது புது உரிமையாளரின் வாசலுக்குத்தான். விற்பவர் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, விடுபட்ட தொகையை வட்டியோடு கட்டி, அந்த ரசீதைக் கொடுத்த பிறகே பதிவுக்கு வருவோம் என்று சொல்லிவிட்டோம். மூன்று வாரம் தாமதமானது. அவருக்குக் கோபமும் வந்தது. ஆனாலும் கட்டினார்.

பத்திரம் பதிவானதோடு வரிக்கணக்கில் பெயர் தானாக மாறிவிடும் என்று நம் மக்களில் பலர் நினைக்கிறார்கள். அன்று அதற்கு, கத்தா எனப்படும் மாநகராட்சி வரிப்பதிவில் பெயர் மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, செலுத்திய முத்திரைத் தீர்வையில் 2 சதவீதத்தைக் கட்டணமாகச் செலுத்த வேண்டியிருந்தது. 2024 அக்டோபரிலிருந்து மின்னணு வடிவிலான மின் கத்தா இல்லாமல் பத்திரப் பதிவே நடப்பதில்லை என்பதால், வாங்குபவர் இதை முதலிலேயே கேட்டுப் பெறுவது நல்லது. கத்தா என்பது வரிக்கான பதிவு மட்டுமே. உரிமைக்கு ஆதாரம் கிரயப் பத்திரம்தான். கத்தா தன் பெயரில் இருக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி விற்க வருபவரிடம் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்காமல் விடக் கூடாது.

2020 ஏப்ரலில் எங்கள் பெயரில் முதல் முறையாக வரி கட்டினோம். ஏப்ரலுக்குள் முழுத்தொகையையும் செலுத்தினால் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, என் தாயாரைப் பார்த்துக்கொள்ள வேலூருக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டை வாடகைக்கு விட்டோம். மாற்றம் ஏதும் இல்லாதவர்கள் நிரப்பும் நான்காம் படிவத்தை விட்டுவிட்டு, ஐந்தாம் படிவத்தில் வாடகைதாரர் குடியிருப்பதாகக் குறித்து, ஏறக்குறைய இருமடங்கான வரியை ஏப்ரலிலேயே கட்டினேன். அந்த ரசீதைப் பழைய ஆறு ரசீதுகளோடு அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.