ஊசிக்கு முன் ஒரு கணக்கு

பிப்ரவரி 3, 2025, காரைக்குடி

சென்ற மாத ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக வந்திருந்ததால், சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இன்று என் இரத்த அறிக்கையை வைத்துக்கொண்டு, சீட்டின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டு, 3.38 என்று எழுதி அடிக்கோடிட்டார். ஃபிப்-4 என்று பெயராம். கொழுப்பைவிட, அது கல்லீரலில் தழும்பை உண்டாக்கியிருக்கிறதா என்பதே கேள்வி என்றும், எண் 2.67-ஐத் தாண்டிவிட்டதால் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும், பயாப்சி (கல்லீரலிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) தேவைப்படலாம் என்றும் சொன்னார். இரவு மகள் தொலைபேசியில், "ஊசி விட்டு எடுக்கணும்னு சொல்லிட்டாகளா அப்பச்சி?" என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

பிப்ரவரி 4

நாற்பது ஆண்டு பேரேடு எழுதியவனுக்குப் பிறர் போட்ட கணக்கைச் சரிபார்க்காமல் தூக்கம் வராது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் நொதிகளின் அளவு. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்க வேண்டும். 62 பெருக்கல் 48, 2976. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை ஆயிரத்தில் எடுத்து (எனக்கு 110), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் (64-க்கு 8) 880. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.38. கணக்கில் பிழையில்லை.

தட்டணு ஏன் இதில் வருகிறது என்று முதலில் புரியவில்லை. தழும்பேறிய கல்லீரல் குடலிலிருந்து வரும் இரத்தத்தை எளிதாக உள்ளே விடாது. அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். ஆகவே தட்டணு குறைந்தால் தழும்பின்மேல் சந்தேகம் விழுகிறது. வயது சேர்ந்திருப்பதுதான் உறுத்துகிறது. இதே இரத்தம் நாற்பது வயதுக்காரர் உடம்பில் ஓடியிருந்தால் 2.18தான் வந்திருக்கும், மீதி 1.20 என் நரைக்கு விழுந்த வட்டி. அதனால்தான் 65 தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை (எண் அதற்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு) 1.3-க்குப் பதிலாக 2.0 என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

பிப்ரவரி 6

பழைய அறிக்கைகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பட்டாலையில் பரப்பியபோது, சென்ற ஆண்டுத் தட்டணு 1,70,000 என்று இருந்தது. உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாமல் ஓராண்டில் அறுபதாயிரம் எங்கே போயிற்று? மருத்துவர் அதைப் பார்த்ததும் மறுபரிசோதனைக்கு எழுதினார். வேறோர் ஆய்வகத்தில் ஊதா மூடிக் குழாயில் ஒன்றும் நீல மூடிக் குழாயில் ஒன்றுமாக இரத்தம் எடுத்தார்கள்.

பிப்ரவரி 8

மறுபரிசோதனையில் காரணம் தெரிந்தது. ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து சிலருடைய தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்ட வைத்துவிடுகிறது. எண்ணும் இயந்திரமோ கொத்தைத் தட்டணுவாகவே கொள்வதில்லை. கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். முதல் ஆய்வகம் பார்க்கவில்லை. ஐந்து நாள் தூக்கம் போனதற்கு அவர்கள் கணக்கில் ஒரு வரியும் இல்லை. நீல மூடியில் 1,50,000 வந்தது. அதிலிருக்கும் திரவம் இரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும்: 1,65,000. ஃபிப்-4 இப்போது 2.25.

இது 1.3-க்கும் 2.67-க்கும் நடுவே விழுகிறது. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. எஸ்.ஜி.ஓ.டி.யையும் தட்டணுவையும் மட்டும் வைத்துப் போடும் ஏப்ரி என்ற இன்னொரு கணக்கையும் போட்டேன், 0.73. அதன் எல்லைகள் 0.5, 1.5, அதுவும் நடுவில்தான். இந்த இரத்தக் கணக்குகள் "இல்லை" என்று சொல்லும்போது நம்பத்தக்கவை, "இருக்கிறது" என்று சொல்லும்போது சாட்சி தேடுபவை என்று எனக்குப் படுகிறது. ஃபிப்-4-ஐ 2006-இல் உருவாக்கியதே எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்திருந்தவர்களை வைத்துத்தான். என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு அது பிறகு வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 11

பயாப்சிக்கு நேரே போக வேண்டாம், முதலில் ஊசியில்லாமல் கல்லீரலை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பார்ப்போம் என்றார் மருத்துவர். விலா எலும்புகளுக்கு இடையே ஊசி விட்டு எடுக்கும் நூல் போன்ற துண்டு, கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதானாம்; தழும்பு எங்கும் ஒரே சீராக இருக்காதென்பதால், எடுத்த இடத்தைப் பொறுத்து முடிவு மாறலாம். இரத்தக் கசிவு அரிது என்றாலும் அதற்காகச் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஆனாலும் அழற்சியையும் காரணத்தையும் சேர்த்துக் காட்டுவது அதுவே என்பதால், தேவைப்பட்டால் தயங்கக்கூடாது என்றும் சொன்னார்.

பிப்ரவரி 17

மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு என்பதால் விடியலில் காபிகூடக் குடிக்காமல் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய்ச் சேர்ந்தோம். வலது விலாவின்மேல் களிம்பு தடவி, முனை மழுங்கிய கருவியை வைத்து, சுண்டுவிரலால் தட்டுவதுபோல் பத்து முறை தட்டினார்கள். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கொண்டு அதன் விறைப்பை அளக்கிறார்களாம். 7.1 கிலோபாஸ்கல். எட்டுக்குக் கீழே என்பதால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. பயாப்சி இப்போது வேண்டாம், எடையையும் சர்க்கரையையும் குறைத்துவிட்டு ஓராண்டில் மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

வீட்டுக்காரி கட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பணியாரத்தில் இரண்டுக்கு மேல் தர மறுத்துவிட்டாள். திரும்பியதும் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: அடுத்த பிப்ரவரி, நீல மூடிக் குழாய், 1.1-ஆல் பெருக்கவும்.