'யு.எஸ்.' முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் பழைய ஷாட்கன் ஒன்று மேசைக்கு வந்ததும், ரிசீவரில் (இயங்குபாகங்களைத் தாங்கும் நடு உடலில்) உள்ள 'யு.எஸ்.' எழுத்துக்கும் தீச்சுடர் எழும் குண்டுச் சின்னத்துக்கும்தான் கண் ஓடும். ஏமாறுவதும் அங்கேதான். அந்த அச்சுகளை இன்று யாரும் வெட்டிக்கொள்ளலாம். பழகிய கை முதலில் மற்றதையெல்லாம் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தோட்டா. அறையை மட்டும் பார்த்தால் போதாது, மகசீன் குழாயையும் காலி செய்ய வேண்டும். வின்செஸ்டர் 97 மாடலில் விசையை அழுத்தியபடி பம்ப்பை (குழலுக்கு அடியில் உள்ள நகரும் கைப்பிடியை) முன்னே தள்ளினால், மூடிய கணமே வெடிக்கும்.

அடுத்து குழல். போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகத்தை) மூடி, குழல் வாய்வழியாக மரக்குச்சியை விட்டு, விளிம்பில் குறியிட்டு அளக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்கால வின்செஸ்டர் 97, வின்செஸ்டர் 12 மாடல் ட்ரெஞ்ச் கன்களுக்கு (பதுங்குகுழிப் போருக்கான ஷாட்கன்களுக்கு) 20 அங்குலம், சோக் (வாயருகே குழல் குறுகுவது) கிடையாது. குழலில் 'ஃபுல்' (முழுச் சோக்) என்று பொறித்திருந்தும் வாயில் 12 காஜ் குழலின் சாதாரண உள்விட்டமான 0.729 அங்குலமே காட்டினால், நீளமான வேட்டைக் குழலை யாரோ அறுத்திருக்கிறார்கள்.

துளைத்தகட்டுக் கைக்காப்பும் அப்படித்தான். போரின் தொடக்கத்தில் ஆறு வரிசைத் துளை, பின்னர் நான்கு. முன்முனையில் எம்1917 பயோனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) மாட்டும் அமைப்பு. நகல் தகடுகள் தாராளமாகக் கிடைப்பதால் தகட்டைக் கழற்றி, திருகுகள் கடக்கும் இடத்தில் குழலின் அடியில் பள்ளம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

இப்போது முத்திரை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். சுற்றிலும் துருக்குழி இருந்து, எழுத்தின் அடித்தளம் மட்டும் வழவழவென்றிருந்தால், துருவுக்குப் பிறகு அடித்த அச்சு அது. எழுத்தின் ஓரங்கள் கரைந்து, திருகுத் துளைகளின் விளிம்பு உள்வாங்கியிருந்தால் வேறு கதை: பாலிஷ் போட்டு, எஃகின் நீலக்கருப்புப் பூச்சை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். எஃகு நாரால் துடைத்துவிட்டால் இந்தத் தடயமெல்லாம் போய்விடும். எண்ணெய்த் துணி போதும்.

முத்திரை இல்லாததாலேயே தள்ளிவிடவும் கூடாது. முதல் உலகப் போரில் பல துப்பாக்கிகள் எந்த ராணுவ முத்திரையும் இல்லாமலே போயின. வின்செஸ்டரின் மரக்கட்டையில் 'ஜி.ஹெச்.டி.' என்பது ராணுவ ஆய்வாளர் கய் ஹெச். ட்ரூரியின் முதலெழுத்துகள், கூடவே குறுக்கிட்ட பீரங்கிகளின் சின்னம். 'ஏ.ஏ.' அகஸ்டா ஆயுதசாலை பழுது பார்த்ததற்கான அடையாளம். அங்கே பாகங்கள் கலந்திருக்கலாம், பார்க்கரைஸ் எனும் சாம்பல் நிறத் துருத்தடுப்புப் பூச்சும் ஏறியிருக்கலாம். அதைப் போலி என்று சொல்வது அவசரம்.

குழலில் உள்ள காப்புரிமைத் தேதியைத் தயாரிப்பு ஆண்டாக வாசிப்பது ஓயாத தவறு. ரெமிங்டன் 11 மாடல் ஷாட்கன்னில் குழலின் இடப்பக்கம் மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் இரண்டு எழுத்தைப் படியுங்கள். 'டபிள்யூ.எல்.' என்றால் 1942 ஆகஸ்ட். ஆனால் அது குழலின் தேதி. ரிசீவர் வேறு ஆண்டில் பிறந்திருக்கலாம்.