அப்பாவின் கண்களைக் கொடுத்த இரவு

அப்பா இறந்தது இரவு ஒன்பதரை மணி வாக்கில். தெருக்கோடியில் இருக்கும் டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார். எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அம்மாதான் என்னைக் கூப்பிட்டார். "கண்ணைக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருல்ல, போன் பண்ணுடா."

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை முற்றி, காலையில் பேப்பர்கூடப் படிக்க முடியாமல் போனபோது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தோம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. கட்டுப் பிரித்ததும் அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?" அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். எனக்குக் கிடைச்ச மாதிரி இன்னும் யாருக்காவது பார்வை கிடைக்கணும் என்று அன்றிலிருந்து அடிக்கடி சொல்வார். படிவம் எதிலும் எழுதிக் கொடுத்ததில்லை. அதற்கு அவசியமும் இல்லை. இறந்த பிறகு குடும்பத்தார் சம்மதித்தாலே போதும்.

104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தோம். கண் வங்கியிலிருந்து உடனே பேசினார்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நாங்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள் என்றார்கள். காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும் என்பதால்தான் ஃபேன் கூடாது.

அது சித்திரை மாதம். வீடு நிறைய ஆட்கள். வருகிற ஒவ்வொருவரும் "என்னப்பா, இப்படிப் புழுங்குது" என்று ஃபேன் சுவிட்சைப் போடுவார்கள். அம்மா அழுகையை நிறுத்தி, "அணைச்சிருங்க, கண்ணு காஞ்சிரும்" என்பார். அப்பாவின் தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு காயத் தொடங்கினால் எடுத்து நனைத்து, உள்ளங்கையில் லேசாகப் பிழிந்து, மறுபடி இமைமேல் வைப்பார். கைக்கு அந்த வேலை இருந்ததால்தான் அம்மா அந்த ராத்திரியைத் தாண்டினார் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். உயிரோடு இருந்தபோது மாத்திரையும் வெந்நீரும் எடுத்துக் கொடுத்த அதே கவனம் அப்போதும் அவர் விரல்களில் இருந்தது.

அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணில்லாம அனுப்பினா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பானே என் தம்பி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் இல்லை, பயம். தூக்கி வளர்த்த தம்பி. என்ன பதில் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. பெரியம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "காளத்தியில கண்ணப்பர் தன் கண்ணைப் பிடுங்கிச் சாமிக்கு அப்பினாரே, அவரு குருடாவா போனாரு? சாமி கையைப் பிடிச்சுத் தன் பக்கத்துலயே நிறுத்திக்கிட்டாருல்ல?" அத்தை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஃபேனைப் போட்டபோது எழுந்து போய் அணைத்தது அத்தைதான்.

டாக்டரும் ஓர் உதவியாளரும் வந்தார்கள். முதலில் அப்பாவைக் கும்பிட்டார்கள். என்னென்ன நோய் இருந்தது என்று விசாரித்தார்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் பரவாயில்லையாம். எய்ட்ஸ், வெறிநாய்க்கடி, ஒருசில மஞ்சள் காமாலை வகைகள் இருந்தால்தான் எடுக்க மாட்டார்கள். ஆபரேஷன் செய்த கண்ணாயிற்றே என்று சித்தப்பா கேட்டார். கண்புரை ஆபரேஷனில் மாற்றுவது உள்ளே இருக்கும் லென்ஸை. நமக்கு வேண்டியது முன்னால் இருக்கும் கருவிழி என்று பொறுமையாக விளக்கினார் டாக்டர். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சித்தப்பாவும் எதிர்வீட்டு பாயும் சாட்சி. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். எங்களை வெளியே நிற்கச் சொல்லி, அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அப்பா முகம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. அத்தை கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தூங்குற மாதிரிதான்டா இருக்கான்" என்றார்.

மறுநாள் தத்தனேரியில் தகனம். சடங்குகள் எதிலும் குறை வைக்கவில்லை, எதுவும் தள்ளிப்போகவும் இல்லை. அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு பாய் வீட்டிலிருந்து காபியும், மாமா வீட்டிலிருந்து சாப்பாடும் வந்துகொண்டே இருந்தன. இறப்பைப் பதிவு செய்கிற வேலையும் இருந்தது. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பென்ஷனுக்கும் வங்கிக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்பதால் சான்றிதழில் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

துக்கம் கேட்க அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். கையில் காசில்லாமல் பஸ் ஏறிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளை அப்பா இறக்கிவிட்டதே இல்லையாம். தன் காசைப் போட்டு டிக்கெட் கிழித்துக் கொடுப்பாராம். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. "அதான் மாசக் கடைசியில எப்பவும் கை இடிச்சுச்சா" என்று அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கடவுளுக்கு நான் மனதார நன்றி சொன்னதும் அன்றைக்குத்தான்.

இரண்டு கருவிழிகளும் பொருத்தப்பட்டுவிட்டன என்று பிறகு தெரிவித்தார்கள். யாருக்கு என்பதைச் சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. அம்மா வெள்ளிக்கிழமை கோயிலில் எங்கள் எல்லோருடைய பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வார். இப்போது கூடவே இன்னொரு சீட்டும் வாங்குகிறார். குருக்கள் பேர் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிருங்க, ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க யாருன்னு சாமிக்குத் தெரியும்" என்கிறார்.

தெருவில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால், கண் கொடுப்பதைப் பற்றி அம்மா மெதுவாகக் கேட்டுப் பார்க்கிறார். சம்மதித்தால் பஞ்சு நனைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொள்கிறார். இல்லை என்றால் வற்புறுத்துவதில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த வீட்டு ஆட்களுக்குக் காபி போட அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்.