சவாரோல இருந்து ஆஸ்பென் வரைக்கும்: கொரோனாடோ ட்ரெயில் பிளான் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

ஃபால் பிரேக் ஸ்கூல் லீவுக்கு எங்க போறதுன்னு இன்னிக்கு ஒருவழியா முடிவாச்சு. ஃபீனிக்ஸ்ல இருக்கறவங்க மலைன்னு சொன்னாலே ஐ-17 ஹைவேல ஏறி ஃபிளாக்ஸ்டாஃப்தான் போவாங்க. சீக்கிரம் போயிடலாம், ஆனா அந்த வேகத்துல கள்ளி எங்க முடிஞ்சுது பைன் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்கறதுக்குள்ள பாப்பா தூங்கிடுவா. டூசான்ல மவுண்ட் லெமன் ரோடும் யோசிச்சோம், அடிவாரத்துல சவாரோ கள்ளி, மேல ஃபர் மரக் காடு, 27 மைல்ல எல்லாத்தையும் காட்டிடும், அருமையான ரோடுதான், ஆனா போன வழியாவே திரும்பணும். எனக்கு ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் எறங்கணும். அதுக்கு அரிசோனால கொரோனாடோ ட்ரெயில் மாதிரி வேற ரோடு இல்லன்னு நான் நெனைக்கிறேன். அதோட ஹைவே நம்பர் யூஎஸ் 191, கிளிஃப்டன்ல சுமார் 3,500 அடில ஆரம்பிச்சு ஹானகன் மெடோல 9,100 அடிய தொட்டு அப்பறம் அல்பைனுக்கு எறங்குது.

செப்டம்பர் 11, புதன்

ஆபீஸ்ல இருந்து வந்ததும் மேப்ப டைனிங் டேபிள்ல விரிச்சாச்சு. கிளிஃப்டன் பக்கத்துல இருக்கற மொரென்சிக்கு வடக்க அந்த ரோடு இடியாப்பத்த பிழிஞ்சு விட்ட மாதிரி இருக்கு, 400க்கும் மேல வளைவாம், சில எடத்துல மணிக்கு 10, 15 மைல் வேகம்தான் போக முடியும். 40 அடிக்கு மேல நீளமான வண்டிய விடவே மாட்டாங்க, அதனால பெரிய லாரித் தொல்லை கெடையாது.

1992 வரைக்கும் இதுக்கு யூஎஸ் 666னு நம்பர். ரூட் 66ங்கற பழைய ஹைவேல இருந்து பிரிஞ்ச ஆறாவது கிளைங்கறதால வந்த நம்பர், ஆனா பைபிள்ல 666 சாத்தானோட எண்ணுங்கறதால இங்க பலருக்கு பிடிக்கல. கொரோனாடோங்கறது 1540ல தங்க நகரங்கள தேடி மெக்சிகோல இருந்து படையோட வந்த ஸ்பெயின்காரர் பேரு. தங்கம் கெடைக்கல, ஆனா கிளிஃப்டன் மொரென்சி மலை பூரா தாமிரம். இப்பவும் வெட்டறாங்க, வட அமெரிக்காவோட பெரிய தாமிரச் சுரங்கங்கள்ல ஒண்ணு, ரோடே அந்தச் சுரங்கத்து நடுவுலதான் போகுது. பழைய மொரென்சி ஊரையே அந்தக் குழி முழுங்கிடுச்சு. மலைய படிப்படியா சீவி வச்சிருக்கறத பாப்பா கண்டிப்பா பாக்கணும், நம்ம வீட்டு ஒயர்ல ஓடற செம்பு எங்கிருந்து வருதுன்னு அவளுக்கு தெரியட்டும். அந்தப் பக்கம் ரோட்டோரமாவே பிக்ஹார்ன் ஆடு நிக்குமாம்.

செப்டம்பர் 18, புதன்

நேத்துதான் 100 டிகிரிக்கு கீழ எறங்குச்சு. மே கடைசில ஆரம்பிச்சு 113 நாள் விடாம தெனமும் 100ஐ தொட்டிருக்கு, இல்லன்னா தாண்டியிருக்கு, ஃபீனிக்ஸ்ல இதுவரைக்கும் இப்படி ஆனதில்லையாம். மாமா ஊர்ல இருந்து வந்ததுல இருந்து பகல்ல வாசப்படி தாண்டல, பாவம். அவருக்காகத்தான் இந்த ட்ரிப்பே.

தேதி அக்டோபர் 5. ஆஸ்பென் மரத்து இலை மஞ்சளாகறது செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் நடுவு வரைக்கும், மான்சூன் மழையும் அதுக்குள்ள அடங்கிடும், பனி பெருசா ஆரம்பிச்சிருக்காது. வருஷத்துல இந்த ரோட்டுக்கு இதவிட நல்ல நேரம் இல்ல.

செப்டம்பர் 22, ஞாயிறு

பிளான இப்படி வச்சிருக்கேன். மொத நாள் சூப்பீரியர், குளோப் வழியா சாஃபோர்ட், அங்க நைட். ரெண்டாவது நாள் முழுசும் கொரோனாடோ ட்ரெயிலுக்கு மட்டும், நைட் அல்பைன். மூணாவது நாள் ஸ்ப்ரிங்கர்வில், ஷோ லோ, சால்ட் ரிவர் கேன்யன் வழியா வீடு. இவருக்கு ரெண்டாவது நாள் மேலதான் சந்தேகம், சாஃபோர்ட்ல இருந்து அல்பைன் 100 சொச்சம் மைல்தானே, அதுக்கு எதுக்கு ஒரு நாள்ங்கறார். மைல பாக்காதீங்க ஒசரத்த பாருங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் வண்டிய நிறுத்தி கதவ தொறந்து கீழ எறங்கி நிக்கணும், முள்ளுச்செடி போய் ஜூனிப்பரும் ஓக்கும் வரும், அப்பறம் பாண்டரோசா பைன், அப்பறம் ஸ்ப்ரூஸ், ஃபர், ஆஸ்பென். பாண்டரோசா மரப்பட்டை வெடிப்புல மூக்க வச்சா வெனிலா வாசம் அடிக்கும், அத ஓடற வண்டில இருந்து எப்படி மோந்து பாக்கறது?

ஆயிரம் அடிக்கு சுமார் மூணு நாலு டிகிரி ஃபாரன்ஹீட் கொறையும்னு பாப்பா ஸ்கூல்ல படிச்சிருக்கா. ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் அவ பொறுப்பு. மூடின சிப்ஸ் பாக்கெட் ஒண்ணும் கொண்டு வராளாம், மேல ஏற ஏற காத்தழுத்தம் கொறைஞ்சு எவ்ளோ உப்புதுன்னு பாக்க.

வளைவுல பாப்பாக்கு வாந்தி வரும், அதனால முன் சீட்டு அவளுக்கு, ஃபோன் கெடையாது. மாமா "என்கிட்ட இஞ்சி மொரப்பா இருக்கும்மா"ன்னார். அவரோட பிரஷர் மாத்திரை, 9,000 அடி ஒசரம் ரெண்டையும் டாக்டர்கிட்ட கேட்டாச்சு, நெறைய தண்ணி குடிங்க, வேகமா நடக்காதீங்க, போயிட்டு வாங்கன்னுட்டார்.

செப்டம்பர் 28, சனி

117 டிகிரி. செப்டம்பர் கடைசில! இன்னிக்கு டயர் காத்து, ஸ்டெப்னி, கூலன்ட், பிரேக் எல்லாம் பாத்தாச்சு. கிளிஃப்டன்ல டேங்க் ஃபுல் பண்ணிடணும், அங்க விட்டா அல்பைன் வரைக்கும் பங்க்க நம்பக்கூடாது, சிக்னலும் கெடைக்காது, அதனால மேப்ப ஃபோன்ல எறக்கி வச்சதோட பேப்பர் மேப்பும் வண்டில இருக்கு. கீழ எறங்கறப்ப பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காம லோ கியர்ல எறங்கணும்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

மேல போனா எல்லாம் பச்சையா இருக்கும்னு மாமா நெனச்சிட்டிருந்தார், அதனால வாலோ ஃபயர் பத்தி சொன்னேன். 2011 மே மாசம் யாரோ கேம்ப்ஃபயர சரியா அணைக்காம விட்டுட்டு போனதுல 5,38,000 ஏக்கர் எரிஞ்சுது, அரிசோனா சரித்திரத்துலயே பெரிய காட்டுத்தீ. நாம போற வழில கறுத்த மரங்க இன்னும் நிக்குது. ஆனா ஆஸ்பென் மரம் எரிஞ்சாலும் வேர் மண்ணுக்குள்ள உயிரோட இருந்து கொத்து கொத்தா துளிர் விடும், அந்தத் துளிருக்கும் இப்ப பதிமூணு வயசு. பாப்பாவ விட கொஞ்சம் பெரிய மரங்க. எனக்கு ப்ளூ விஸ்டா வியூபாயிண்ட விட இதத்தான் பாக்கணும். தீய முழுசா தண்ணி ஊத்தி கையால தொட்டு பாத்து அணைக்கணும், இத ரோட் ட்ரிப் போற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொல்லுவேன். நாங்க அடுப்பே எடுத்துட்டு போகல, புளிசாதமும் சப்பாத்தியும்தான்.

1998ல மெக்சிகன் ஓநாய திரும்ப காட்டுல விட்டதும் இந்தப் பக்கம்தான். கண்ணுல படறது கஷ்டம், ஆனா எல்க் மான் நிச்சயம் படும், இது அதுங்களோட இனப்பெருக்க காலம், ஆண் எல்க் கத்தறது ரொம்ப தூரம் கேக்கும். சாயந்தரம் ரோட்ட குறுக்க தாண்டும், அதனால இருட்டறதுக்குள்ள அல்பைன் போய் சேந்துடணும்.

அக்டோபர் 4, வெள்ளி

ஸ்வெட்டர் எடுத்து வைக்கறப்ப வெளிய இன்னும் 100க்கு மேல. மாமாக்கு குரங்கு குல்லாவும் எடுத்தாச்சு. நாளைக்கு காலைல ஆறு மணிக்கு சாண்ட்லர்ல இருந்து கெளம்பறோம். பாப்பாவோட நோட்ல மொத வரி எங்க வீட்டு வாசல், 1,200 அடி, வெப்பம் மட்டும் இன்னும் எழுதல, கெளம்பறப்ப பாத்து எழுதுவாளாம்.