கடைசிப் பெட்டை வரை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பூனைகளைப் பற்றிய பேச்சு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. மின்தூக்கி வாசலில் மூத்திர வாடை அடிக்கிறது, நள்ளிரவில் அவை போடும் கூச்சலில் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது, நகர மன்றத்திடம் சொல்லி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகச் செய்ய வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வாடையும் கூச்சலும் உண்மைதான். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால், பிடித்துக்கொண்டு போவதால் அவை தீராது என்பதைச் சிங்கப்பூர் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, அவை வாழ்ந்த இடத்திலேயே திரும்ப விடும் திட்டம் 1998இல் இங்கே அரசின் ஆதரவோடு தொடங்கியது. சார்ஸ் பரவிய 2003இல் அது நிறுத்தப்பட்டு, பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. அதனால் அவை இல்லாமல் போய்விடவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2011இல், பூனை நலச் சங்கத்தின் துணையோடு கருத்தடைத் திட்டத்தையே மீண்டும் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. குப்பைத் தொட்டியும் உணவங்காடியும் மழைக்கு ஒதுங்கக் கீழ்த்தளமும் இருக்கும் வரை அந்த இடம் பூனைகளை அழைத்துக்கொண்டேதான் இருக்கும். இருந்தவற்றை அகற்றினால், பக்கத்து புளோக்கில் இருப்பவை வந்து குடியேறும், தப்பிய பெட்டை குட்டி போடும். ஐந்து மாதக் குட்டியே சினைப்பட்டுவிடும்; சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான்; போதாக்குறைக்கு, குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினைப்படக்கூடும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் ‘இத்தனை பூனைகளுக்குக் கருத்தடை செய்துவிட்டோம்’ என்ற எண்ணிக்கையில் நிறைவடைய மாட்டார்கள். ஓரிடத்தில் பத்துப் பூனைகள் இருந்து ஏழுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தாலும், மிஞ்சிய மூன்றில் இரண்டு பெட்டைகள் என்றால், ஓராண்டுக்குள் தொடங்கிய இடத்திற்கே வந்துவிடுவோம். பல வட்டாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்வதைவிட, ஒரு புளோக்கை எடுத்துக்கொண்டு கடைசிப் பெட்டை வரை முடித்துவிட்டு அடுத்த புளோக்குக்குப் போவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. மக்கள் முறையிடும் தொல்லைகளும் அதனோடு சேர்ந்தே அடங்கும்: சுவரில் பீய்ச்சி எல்லை குறிப்பதும், பெட்டைக்காக இரவெல்லாம் சண்டையிடுவதும் பெரும்பாலும் கருத்தடை செய்யப்படாத கடுவன்கள், விடிய விடியக் கத்துவது வேட்கையில் இருக்கும் பெட்டை. அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இவை வெகுவாகக் குறைந்துவிடும்.

கடைசிப் பெட்டையைப் பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் எளிதில் சிக்குபவை எல்லாம் முன்பே சிக்கியிருக்கும். எங்கள் வாகன நிறுத்துமிடத்தில் மூன்று நிறத்தில் ஒரு பூனை இருந்தது. மூன்று நிறம் என்றாலே அநேகமாகப் பெட்டைதான். பல ஆண்டுகளாக இங்குள்ள பூனைகளுக்கு உணவிட்டு வரும் மக்சிக் (மலாய் மொழியில் ‘அத்தை’), முதல் நாள் மாலையே எவரும் தீனி போடக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார். கூண்டின் கம்பித் தரை காலில் படாதபடி செய்தித்தாளை விரித்து, வாசலிலிருந்து, மிதித்தால் கதவை விழவைக்கும் மிதிதட்டு வரை மத்தி மீனைச் சிறு சிறு துணுக்குகளாக வைத்து, பெரிய துண்டை மிதிதட்டுக்கு அப்பால் வைத்தார். பூனை கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி முதல் துணுக்கை நக்கிக்கொண்டு பின்வாங்கியது. நான் எழப் போனேன். “அசையாதே, அது மீனைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்க்கிறது” என்றார் மக்சிக். நெடுநேரம் கழித்துக் கதவு விழுந்தது. உள்ளே மூர்க்கமாக மோதிக்கொண்டிருந்த பூனை, அவர் தம் பாத்திக் சரோங்கைக் கூண்டின்மேல் போர்த்தியதும் சட்டென்று அடங்கியது. மறுநாள் இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டுத் திரும்பியது. மயக்கத்தில் இருக்கும்போதே செய்யப்படும் அந்த வெட்டு, அதே பூனையை மீண்டும் ஒருமுறை கூண்டில் அடைத்து வதைக்காமல் இருப்பதற்கான அடையாளம்.

உணவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பூனைக்கு உணவிடுவது குற்றமன்று. இட்டதை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் குற்றம். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்து, தின்று முடித்ததும் துடைத்தெடுத்தால் எலியும் புறாவும் வராது. எந்தப் பூனை வரவில்லை, எது நொண்டுகிறது, எது புதிது என்பதும் அன்றன்றே தெரிந்துவிடும். சோற்றைக் காகிதத்தில் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுபவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பூனைகளுக்கு எதிரான முறையீடுகளில் பாதி அந்தக் காகிதத்திலிருந்துதான் பிறக்கிறது.

இனி வெளியிலிருந்து வந்து சேரும் பூனைகள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசுக் குடியிருப்பு வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு வரை வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். மறைத்து வளர்த்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பதால் மனமார வரவேற்கிறேன். வீட்டுப் பூனைக்குக் கருத்தடை கட்டாயமாக்கப்படவில்லை என்பதுதான் என் கவலை. செய்துவிட்டால் உரிமக் கட்டணம் குறைவு. வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித் திட்டமும் உண்டு. இருந்தும், வலை போடாத சன்னலிலிருந்து விழுந்தோ, கதவிடுக்கில் நழுவியோ, வேண்டாமென்று இரவோடிரவாகக் கீழே விடப்பட்டோ, காது வெட்டப்படாத ஒரு பெட்டை வந்து சேர்ந்தால், முடித்துவிட்ட புளோக்கில் வேலை மறுபடி தொடங்கும். வளர்த்த விலங்கைக் கைவிடுவது 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் புளோக்கில் மிஞ்சியிருப்பது சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு பெட்டை. அதன் மடி தொங்கியிருக்கிறது, அப்படியென்றால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அவை பட்டினியில் செத்துவிடும். குட்டிகள் ஐந்தாறு வாரமாகித் தாமாகத் தின்னத் தொடங்கியபின் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கலாம். அந்த வயதில் மனிதரோடு பழக்கிவிட்டால் வீடு கிடைப்பதும் எளிது. ஆகவே, குழுவில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: சாம்பல் பூனை எந்தப் பக்கம் போய் மறைகிறது என்று பார்த்தால், நேரத்தையும் இடத்தையும் குறித்து, நகர மன்றத்தை அழைப்பதற்கு முன்னால் மக்சிக்கிடமோ என்னிடமோ சொல்லுங்கள். குட்டிகளைக் கண்டால் தூக்கிவிடாதீர்கள்.