அரை கிளாஸ் தே ஓ

ஜூன் 24, செவ்வாய்

காலையில் சவரம் செய்ய முடியவில்லை. கை நடுங்கி, தாடையில் இரண்டு வெட்டு. வீட்டுக்காரி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். "நேத்தோட நிறுத்திட்டேன்" என்று பெருமையாக மலாயில் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாமாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாமாம். உயிரே போகலாம் என்றார். பி1 வைட்டமினும், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரவேண்டிய மாத்திரையும் கொடுத்து, நாளைக்கும் வரச் சொன்னார்.

வரும் வழியெல்லாம் பெரியப்பா ஞாபகம்தான். தைப்பூசத்துக்கு மாலை போட்டு, சம்சு சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். மூன்றாம் நாள் ராத்திரி தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரெல்லாம் பூச்சி ஊருது என்று கத்தினார். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்தோம். வேப்பங்கொத்து ஒடித்து வந்தது நான்தான்.

ஜூன் 28, சனி

மாத்திரையைக் கொடுக்கும்போதே குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொல்லியிருந்தார் டாக்டர். கைப்பேசியில் தேடினேன். எங்கள் ஊர் பீடோங்கில் ஒன்றும் கண்ணில் படவில்லை, கிடைத்ததெல்லாம் பினாங்குப் பக்கம். அதிலும் ஒன்று ஞாயிறு சாயங்காலம். அவர்களுக்கு ஞாயிறு லீவு, கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும். குடியை விடுவதற்கும் மாநில எல்லை பார்க்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போட்டிருந்த நம்பரை மூன்று தடவை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நாலாவது தடவை ஒரு பெரியவர், தமிழில்: "தம்பி, இன்னிக்குக் குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல அங்கள்."

"அப்ப இன்னிக்கு வேலை முடிஞ்சது. வர்ற சனிக்கிழம வாங்க."

இதே பீடோங்கில், 1947-இல், ஹார்வார்ட் தோட்டத்துத் தொண்டர் படை கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடியது. தாத்தா அந்தக் கதையை எனக்குச் சொல்லும்போதெல்லாம் கையில் கள்ளு மங்கு இருக்கும்.

ஜூலை 5, சனி

சுங்கை பட்டாணியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த். வீட்டில் பூட்டு வாங்கப் போவதாகச் சொன்னேன். குடிக்கப் போகும்போது சொன்ன அதே பொய்.

கடைவீட்டு மேல்மாடி, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. போனில் பேசிய பெரியவர்தான் தே ஓ, பால் இல்லாத டீ, ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நிறைய ஊற்றினார், எனக்கு மட்டும் அரை கிளாஸ். மட்டமாக நினைக்கிறார் என்று சுருக்கென்றது. கிளாஸை எடுத்தபோதுதான் புரிந்தது. முழுசாக இருந்திருந்தால் பாதி என் சட்டையில் போயிருக்கும்.

பேர் கேட்டார்கள், ஊர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. மலேசியாவில் இரண்டு தமிழர் சந்தித்தால் இது நடக்கிற காரியமா! பதிவு இல்லை, கட்டணம் இல்லை. ஒரு டின் சுற்றி வந்தது, புது ஆள் போட வேண்டாம் என்று என்னைத் தாண்டிப் போனது. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதுமாம். 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியதாம். டாக்டரே குடித்திருக்கிறார் என்றதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

கடவுள் பேச்சு வந்தபோது நெளிந்தேன். சர்ச் சமாசாரமோ? "அவங்கவங்க புரிஞ்சுக்கிட்ட கடவுள்" என்றார் பெரியவர். எங்கள் முனியாண்டியோ பாட்டிலும் சுருட்டும் கேட்கிற சாமி. அவரிடம் எப்படி இதைக் கேட்பது?

என் முறை வந்தது. இங்கிலீஷில் எல்லோரும் சொன்ன அந்தச் சொல் தமிழில் வாயில் வரவில்லை. பெரியவர் 'குடிநோயாளி' என்கிறார். எனக்குத் தெரிந்தது 'குடிகாரன்'தான், லயத்தில் அப்பாவைப் பார்த்து ஊரே கத்தின சொல். பேரை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தியும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

பாட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அரிசி டின்னில் ஒன்று இருந்ததை வீட்டுக்காரிதான் ஞாபகப்படுத்தினாள். இத்தனை நாளும் தெரிந்துதான் அதில் அரிசி அளந்திருக்கிறாள். பூட்டு வாங்கின கதையையும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மாமாவுக்குப் பதினாறாம் நாள் கருமாதி. கூடாரத்துக்குப் பின்னால் மச்சான் பிளாஸ்டிக் கப்பை நீட்டினான். "செத்தவருக்காகடா." ஒரு கப். அப்புறம் எண்ணவில்லை.

ஜூலை 19, சனி

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டுக்காரிதான் மோட்டார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள்.

கொமுட்டரில் நின்றுகொண்டே போனேன். படியேறும்போதே என்ன சொல்வது என்று ஒத்திகை. என் முறை வந்ததும் ஒத்திகையெல்லாம் போய், "நான் ஒரு குடிகாரன், முந்தாநாள் குடிச்சேன்" என்று தமிழில் வந்துவிட்டது. மூலையில் ஒரு சீன அங்கள் புரியாமலே தலையை ஆட்டினார். குடிக்காத நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அரை கிளாஸ் ஊற்றினார். சீனி தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும்போது ஒரு கிலோ வாங்கிவா என்றார்.