ஆறு முடிச்சு

அம்மாவின் தலைத்திவசம் முடிந்த மறுவாரம் அவளுடைய பீரோவை ஒழித்தோம். புடவைகளுக்கு அடியில் ஒரு பித்தளை டப்பா. திறந்தால் மஞ்சள் துணியில் முடிந்த காசுகள், ஆறு முடிச்சு. ஒன்று நேற்றுதான் மஞ்சளில் நனைத்தது போல் பளிச்சென்று இருந்தது. சில வெளுத்து எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டன. ஒன்று மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பு, விரல் பட்டாலே இழை உதிர்ந்தது. எது எதற்காக என்று ஒரு எழுத்து இல்லை.

எந்தச் சாமிக்கு என்பதில் மட்டும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அம்மா திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவள். 1981-ல் கல்யாணமாகிப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்த பிறகும் அவளுக்கு எல்லாமே திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள்தான். தலைவலிக்கும் அவர், வீட்டுக் கடனுக்கும் அவர்.

"நடந்திருந்தா அம்மாவே உண்டியல்ல போட்டிருப்பாங்க. இங்க இருக்கிறதெல்லாம் நடக்காதது" என்றான் அண்ணன். அதைக் கேட்டதும் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். சித்திதான் அதட்டினாள். "நடந்ததும் இருக்கும், முட்டிவலியில கொண்டுபோக முடியாம நின்னதும் இருக்கும். எதுவா இருந்தா என்ன, பெருமாள் கடனை வீட்டுல வைக்கக் கூடாது. கிளம்புங்க."

முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அதனால் துணிக்கு மேலேயே தடவித் தடவிப் பார்த்தோம். கனமான ஐந்து ரூபாய் ஒன்று. பதினோரு மூலை இரண்டு ரூபாய் ஒன்று. ஆறு பக்கம் வைத்த இருபது பைசா ஒன்று, காற்று மாதிரி லேசு. அண்ணன் துபாய்க்குப் போன வருஷம், தங்கைக்கு ஒன்பது வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தது, அப்பாவின் ஆபரேஷன் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு வருஷம் குடித்தவன் நான். விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஐந்து ரூபாய் முடிச்சைக் கையில் எடுத்தபோது தூக்கம் கெட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம்தான் வந்தது.

அந்தப் பழுப்பு முடிச்சைத் தொட்டதும் சித்தி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "பூ மாதிரி ஓரம் இருக்கு பாரு, பழைய பத்து பைசா. இது எங்கம்மா வீட்டுல முடிஞ்சது" என்று மட்டும் சொன்னாள்.

ஆவணி ஞாயிறு, அதிலும் முகூர்த்த நாள் என்பதைப் பார்க்காமல் கிளம்பியது எங்கள் தப்பு. முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். கடலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்கு ஆட்டோக்காரர் கேட்ட பணத்தைச் சொன்னால் வயிறு எரியும். அதையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டார். கோயிலை நெருங்கினால் செருப்பை விடச் சொல்லி ஒருவர், தட்டு வாங்கச் சொல்லி இரண்டு பேர், "கூட்டம் எக்கச்சக்கம் சார், பத்தே நிமிஷத்துல பாக்க வைக்கிறேன்" என்று தோளைத் தொட்டு இன்னொருவர். பெருமாளுக்கும் நமக்கும் நடுவில் நின்று காசு பார்க்கிற இந்த ஆட்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். அறுபத்தெட்டு வயது சித்தியின் கையைப் பிடித்து அந்த நெரிசலில் நுழைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அம்மா எப்போதும் முதலில் எதிரே ஔஷதகிரி மலை ஏறி, படிப்புக்குச் சாமியான ஹயக்ரீவரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் வருவாள். சித்தியும் அதே முறைதான் என்று பிடிவாதம் பிடித்தாள். எழுபத்து நான்கு படி. ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். வழியெல்லாம் மாலையும் கழுத்துமாக ஜோடிகள், போட்டோ எடுக்கிறவர்கள், கையில் தேங்காயோடு மாப்பிள்ளை வீட்டார். ஒரு கல்யாணப்பெண் படியில் நின்று போனில் யாரிடமோ, "வந்துடுப்பா, நீ வராம எப்படி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். தாலி ஏறிய பத்தாவது நிமிஷம் இன்னொரு ஆசை.

மேலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனாவையும் நோட்டையும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வேதாந்த தேசிகர் இந்த மலையில்தான் கருட மந்திரம் ஜபித்து, கருடன் வந்து உபதேசிக்க, ஹயக்ரீவரைக் கண்டார். அந்தச் சன்னிதியில் சித்தி என்னிடமிருந்து டப்பாவை வாங்கி, பழுப்பு முடிச்சை மட்டும் எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. அப்புறம் முடிச்சை டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா என்ன வேண்டிக்கிட்டாங்க சித்தி?"

"இறங்கலாம் வா."

படி இறங்கும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மளிகைக் கடையிலிருந்து வரும் பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா அந்தக் காகிதத்தை நீவி, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். அவள் எட்டாவதோடு நின்றவள்.

கீழே பெருமாள் சன்னிதிக்கு இரண்டரை மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் ஸ்கேன் கவரை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் திருப்பதிக்கு நேர்ந்த மொட்டையை இங்கே செலுத்திவிட்டுச் சந்தனத் தலையோடு ஒரு குடும்பம். வீட்டுமனை ரிஜிஸ்டர் ஆக வேண்டும் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் இப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு இளக்காரம் உண்டு, பெருமாளிடம் போய்ப் பேரமா என்று. அம்மாவிடமே அதைச் சொல்லியிருக்கிறேன். அவள் தலபுராணத்தைத்தான் திருப்பிச் சொன்னாள். "பெருமாளுக்கே தாகம் எடுத்த ஊருடா இது. கருடன் தண்ணி கொண்டுவர லேட்டாச்சு, ஆதிசேஷன் வாலால அடிச்சு ஊத்தை எடுத்துக் கொடுத்தார். கருடன் கொண்டுவந்தது வீணாப் போகலை, கெடிலமா ஓடுது. அவரே வேணும்னு கேட்டிருக்கார், நாம கேட்டா என்ன?"

இப்போது யோசித்தால் அத்தனை பெரிய ஆசாரியரான தேசிகரே அச்சுத சதகத்தில் தன்னை நாயகியாக வைத்து இந்தப் பெருமாளுக்காக ஏங்கியிருக்கிறார். ஸ்கேன் கவரோடு நின்ற அம்மாளின் ஏக்கத்தை எடைபோட நான் யார்?

உள்ளே போனதும் தீபம் ஏறியது. அவ்வளவுதான், அரை நிமிஷம் இருக்குமா தெரியாது. திருமங்கையாழ்வார் "மூவராகிய ஒருவன்" என்று பாடிய அந்தத் திருமுகம். டப்பாவை நெஞ்சோடு பிடித்திருந்தேன். அம்மா என்ன கேட்டாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முடிச்சு போடும்போதும் அவள் எந்த விரலால் இறுக்கினாள், அன்றைக்கு வீட்டில் அரிசி இருந்ததா, நான் எந்த நிலையில் வீட்டுக்கு வந்தேன், எல்லாம் தெரியும். தேவநாதா, நான் இன்றைக்குத் தெளிவான கண்ணோடு உன் முன்னால் நிற்கிறேனே, இதை அவள் கேட்காமலா நீ கொடுத்தாய்? அவள் கண்மூடுவதற்கு முன் என்னை நல்லபடியாகப் பார்க்க வைத்தாயே, அப்பா! எனக்கு வாய்விட்டு அழுகை வந்துவிட்டது. பட்டர் சடாரி சாதித்துவிட்டு "போதும்ப்பா, போதும்ப்பா" என்றார். தாயார் சன்னிதிக்கு எப்படிப் போனேன், ராமரைச் சேவித்தேனா, ஒன்றும் வரிசையாக நினைவில் இல்லை.

ஆதிசேஷன் எடுத்த ஊற்று என்கிற சேஷ தீர்த்தத்தில் சித்தி உப்பும் மிளகும் வெல்லமும் போட்டாள். தங்கை தன் பையனையும் ஒரு கை போட வைத்தாள்.

உண்டியல் பக்கம் வந்ததும் அண்ணன் தயங்கினான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசும் 2011-லேயே செல்லாமல் போய்விட்டன, சேர்த்து ஒரு ஐந்நூறு ரூபாய் போடுவோம் என்றான். "நீ உன் காசைப் போடு, வேணாங்கலை. அவ முடிஞ்ச அன்னிக்கே அது செல்லிடுச்சு" என்றாள் சித்தி.

பளிச்சென்று இருந்ததைத் தங்கை போட்டாள். இருபது பைசாவை அண்ணன். ஐந்து ரூபாயை நான் போட்டேன், யாரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியாகப் பழுப்பு. சித்தி வாங்கிக்கொள்வாள் என்று நீட்டினேன், நீயே போடு என்று கண்ணைக் காட்டினாள். உண்டியல் வாயில் வைத்து அழுத்தியதும் துணி இற்று, அந்தப் பத்து பைசா மட்டும் தானாக நழுவி உள்ளே போனது. அலுமினியக் காசு, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

இழைகள் என் விரலில் ஒட்டியிருந்தன. பின்னால் நின்றவர் "சீக்கிரம் சார்" என்றார். உதற மனம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சித்தியின் கையைப் பிடித்து வெளியே வந்தேன்.